விறகுப் பயிரும் மலைநாட்டு மண்ணும்

2005ஆம் ஆண்டில் இலங்கை அரசு கிளிரிசிடியா மரத்தைத் தேயிலை, இறப்பர், தென்னை ஆகிய மூன்றுக்கும் அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. வடக்கிலும் கிழக்கிலும் சீமைக்கிளுவை என்ற பெயரில் வேலிக்கு நடப்படும் மரம் அது. கண்டி, மாத்தளைப் பகுதிகளில் மிளகுக்கொடி பற்றிப் படர்வதற்காக ஊன்றப்படுவதும் அதுவே. வேலியோரத்தில் நின்ற ஒரு மரத்துக்கு இத்துணை உயர்வு கிட்டியது அதன் விறகினால். அவ்விறகை எரித்து மின்சாரம் பெறலாம், தொழிற்சாலைகளின் கொதிகலன்களை இயக்கலாம், எண்ணெய்க்கும் நிலக்கரிக்குமாகக் கடல்கடந்து போகும் பணத்தை உழவர் கைக்குத் திருப்பலாம் என்பதே அன்றைய எதிர்பார்ப்பு. இன்று, 2030க்குள் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதென நாடு இலக்கு வகுத்திருக்கும் வேளையில், எரிபொருளுக்காகப் பயிர் வளர்ப்பது நன்றா என்னும் வினாவைக் கண்டி மலைகளை முன்வைத்தே கேட்க வேண்டியுள்ளது. நாட்டில் விறகை மிகுதியாக நம்பியிருக்கும் தொழில்களுள் ஒன்றான தேயிலைத் தொழில் இம்மலைகளில் நடக்கிறது. நாட்டின் மிக நீண்ட ஆறான மகாவலி இம்மலைகளில் வளர்கிறது. பெருமழை பெய்தால் முதலில் சரிவதும் இம்மலைகளின் மண்ணே.

எமது நிலைப்பாட்டைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறோம். வெப்பத்துக்கான விறகைக் கலப்புத் தோட்டத்தின் உடன்விளைவாக வளர்ப்பது மலைநாட்டுக்கு நன்மை பயக்கும். மின்சாரத்துக்கான விறகைத் தனிப்பயிராகச் சரிவுகளில் பரப்புவது கேடு விளைவிக்கும். இவ்விரண்டையும் ஒரே பெயரின் கீழ் வைத்து ஒரே வகைச் சலுகையை வழங்கும் கொள்கை பிழையானது.

விறகின் தேவை புதிதாக உண்டாக்கப்பட்டதன்று. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை கிடைக்கிறது. மீதி பெரும்பாலும் நீர். அந்நீரை வெளியேற்ற வெப்பம் வேண்டும். ஒரு கிலோ தேயிலைக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை விறகு செல்கிறது. அண்மை ஆண்டுகளில் நாட்டின் தேயிலை உற்பத்தி ஆண்டுக்கு 25 கோடி கிலோவுக்குச் சற்று மேலாக இருந்து வருகிறது. அப்படியாயின் தேயிலையை உலர்த்துவதற்கு மட்டும் ஆண்டுதோறும் நான்கைந்து இலட்சம் தொன் விறகு எரிகிறது. இவ்விறகில் ஒரு பகுதி தோட்டங்களின் சொந்த யூகலிப்டஸ் காடுகளிலிருந்து வருகிறது. ஒரு பகுதி தாழ்நிலத்தில் பால் வற்றி வெட்டப்பட்ட இறப்பர் மரங்களாக லொறிகளில் மலையேறுகிறது. எஞ்சியது எங்கிருந்து வெட்டப்பட்டது என்று எவரும் கேட்பதில்லை. அந்தக் கேளாமையின் விலையைக் காடு செலுத்துகிறது.

வீட்டு அடுப்புகளின் கணக்கு வேறு. 2022இல் எரிவாயு உருளைக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, நகரத்து வீடுகளும் விறகடுப்புக்குத் திரும்பின. அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானது. தோட்ட லயங்களில் அடுப்பெரிப்பது பெரும்பாலும் தேயிலைக் கவ்வாத்துக்குப் பின் கிடைக்கும் மிலாறுக் குச்சிகள்தான். அதைச் சுமந்து வருவோர் பெண்கள்; நாள் முழுதும் கொழுந்து பறித்த அதே தோள்கள். வலுசக்தித் திட்டங்களின் அறிக்கைகளில் இச்சுமை எந்தப் பத்தியிலும் இடம்பெறுவதில்லை. மலைநாட்டில் விறகு ஏற்கெனவே இன்றியமையாத எரிபொருள் என்பதை ஏற்றுக்கொண்டு, எந்த மரம், எந்த நிலம், எந்தப் பயன் என்று பிரித்துப் பார்ப்பதே அறிவுடைமை.

பயனை முதலில் பார்ப்போம். நன்கு உலர்ந்த விறகு நல்ல கொதிகலனில் எரியும்போது அதன் வெப்பத்தில் எழுபது சதவீதத்துக்கும் மேல் வேலைக்குப் பயன்படுகிறது. அதே விறகைச் சிறிய நீராவி மின்நிலையத்தில் எரித்தால் கால்பங்கோ அதற்குக் குறைவோதான் மின்சாரமாகிறது. மீதி புகைபோக்கி வழியேயும் குளிர்நீர் வழியேயும் வீணாகிறது. கண்டி மலைகளின் அயலில் வலப்பனையில் ஒரு மெகாவோற்று அளவிலும், மலையிறங்கினால் மகியங்கனையில் 5 மெகாவோற்று அளவிலும் விறகு மின்நிலையங்கள் நிறுவப்பட்டன. ஒரு மெகாவோற்று நிலையம் ஆண்டு முழுதும் இயங்க ஒன்பதாயிரம், பத்தாயிரம் தொன் விறகு தேவை. ஒரு ஹெக்டேயரில் ஆண்டுக்கு இருபது தொன் கிடைக்குமென்று தாராளமாகவே கணக்கிட்டாலும், அந்த ஒரு மெகாவோற்றுக்கு நானூற்றைம்பது ஹெக்டேயருக்கு மேல் வேண்டும். வேறுவிதமாகச் சொன்னால், ஒரு ஹெக்டேயர் விறகுத் தோட்டம் ஓராண்டில் ஏறத்தாழ பதினையாயிரம் அலகு மின்சாரம் தரும். அதே ஒரு ஹெக்டேயரில் சூரியத் தகடுகளைப் பரப்பினால் கிடைப்பது பத்து இலட்சம் அலகு அளவில் இருக்கும். கூரைகளில் பரப்பினால் நிலமே தேவையில்லை.

சூரியன் இரவில் இல்லை, விறகு இரவிலும் எரியும் என்பது விறகு மின்சாரத்தை ஆதரிப்போரின் வாதம். அது பொய்யன்று. எனினும் கண்டியைச் சுற்றிலும் இரவுக்கான சேமிப்பு ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணை 122 மீற்றர் உயரத்தில் 72 கோடி கனமீற்றர் நீரைத் தேக்குகிறது. அதன் மின்நிலையத்தின் திறன் 210 மெகாவோற்று. கொத்மலையின் திறன் 201 மெகாவோற்று. பகலில் சூரிய ஒளி உதவும்போது இந்நீரைத் தேக்கி வைத்து இரவில் திறந்துவிடலாம். இந்த நீர்த்தேக்கங்களுக்கு மேலேயுள்ள சரிவுகளில் மண்ணைப் புரட்டி விறகு நட்டு, அதனால் வண்டலை ஆற்றில் இறக்கி, தேக்கத்தின் கொள்ளளவைக் குறைத்துக்கொண்டு, அவ்விறகிலிருந்து இரவு மின்சாரம் எடுப்பது எத்தகைய பொருளாதாரம்? 1976இல் திறக்கப்பட்ட பொல்கொல்லைத் தேக்கம் பன்னிரண்டே ஆண்டுகளில் தன் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் தூர்ந்துபோனதாக 1988இன் அளவீடு காட்டிற்று. மேலேயுள்ள புகையிலைச் சரிவுகளும், பராமரிப்பற்ற தேயிலை நிலங்களும், மரக்கறித் தோட்டங்களும் அனுப்பிய மண் அது. அந்தப் பட்டியலில் இன்னொரு பயிரைச் சேர்க்கும் முன் பலமுறை சிந்திக்க வேண்டும்.

இங்கு நிலத்தின் வரலாற்றையும் நினைவில் வைக்க வேண்டும். எரிபொருட் பயிர்த் திட்டங்கள் எல்லா நாடுகளிலும் ஒரே உறுதிமொழியோடு தொடங்குகின்றன: உணவு விளையும் நிலத்தைத் தொட மாட்டோம், பயன்படாத நிலத்தில் மட்டும் நடுவோம் என்பதே அது. கண்டி நாடு இத்தகைய உறுதிமொழியை முன்பே கண்டிருக்கிறது. 1840இன் முடிக்குரிய காணிகள் சட்டம் எழுத்துவடிவ உரிமைப் பத்திரமற்ற காட்டையும் சேனை நிலத்தையும் பயிரிடப்படாத நிலமெனக் கருதி அரசுடைமையாக்கியது. அந்நிலம் ஏக்கர் சில சில்லிங் விலைக்குக் கோப்பித் தோட்டங்களானது. கிராமத்தவர் விறகும் மருந்தும் மேய்ச்சலும் பெற்ற இடம் அது. ஏட்டில் அது வெறுமையாகத் தெரிந்தது. 1869இல் இலைத்துரு நோய் கோப்பியைத் தாக்கிற்று. பின்னர் தேயிலை வந்தது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தொடங்கியது சில பத்தாண்டுகளில் மலையெங்கும் பரவியது. உயர்மலைக் காடுகளில் எஞ்சியவற்றைக் காப்பதற்காக 5000 அடிக்கு மேல் வெட்டக்கூடாது என்ற ஆணை 1873இல் வந்தது. அதற்குள் கீழே இருந்த காட்டின் பெரும்பகுதி போய்விட்டது. நக்கிள்ஸ் மலைத்தொடரில் இன்று உலக மரபுரிமையாகப் போற்றப்படும் காடு எஞ்சியதற்கு அவ்வாணை ஒரு காரணம். அக்காட்டின் நிழலிலும் ஏலக்காய் பயிரிடப்பட்டு, அதனை உலர்த்தும் அடுப்புகளுக்காகக் காட்டு மரமே வெட்டப்பட்டது. ஒரு பயிரின் எரிபொருள் எங்கிருந்து வரும் என்று முன்கூட்டியே திட்டமிடாவிட்டால், அண்மையிலுள்ள காடு அதற்கு விடையாகிவிடும்.

இன்னும் அண்மைய படிப்பினை ஹந்தானை மலையில் நிற்கிறது. தேயிலை கைவிடப்பட்ட சரிவுகளையும் புல்வெளிகளையும் விரைவாக மூடுவதற்காக, மேல் மகாவலி நீரேந்து பகுதியெங்கும் பைன் மரங்கள் ஆயிரக்கணக்கான ஹெக்டேயரில் நடப்பட்டன. நோக்கம் நல்லது: மண்ணைக் காப்பது, மரத் தேவையை ஈடுசெய்வது. விளைந்தது ஒரே வயதும் ஒரே இனமும் கொண்ட காடு. அதன் ஊசியிலைகள் எளிதில் மக்குவதில்லை. வறட்சி வந்தால் தீ பரவுகிறது. அடியில் நாட்டு மரக்கன்றுகள் தாமாக எழுவது அரிது. ஊற்றுகள் வற்றிவிட்டன என்று ஊர்மக்கள் முறையிட்டனர். நீரைப் பற்றிய முறையீட்டில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. தீயைப் பற்றி எவருக்கும் ஐயமில்லை. 2010இல் ஹந்தானை சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. பைனுக்கு அடியில் நாட்டு மரங்களை மீண்டும் நட்டு வளர்க்கும் பணி தலைமுறைக் கணக்கில் நீளக்கூடியது. கிளிரிசிடியா பைனைப் போன்றதன்று. வெட்டினால் தளிர்க்கிறது, இலை விரைவில் மக்குகிறது, வேர் காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கிறது. ஆயினும் எந்த மரமும் ஒரே இனமாகப் பரப்பப்பட்டு, ஒரே ஆலையின் பசிக்காக ஒரே காலத்தில் வெட்டப்பட்டால், அதன் நற்பண்புகள் மண்ணுக்கு உதவா.

அதே மரத்தை மண்காப்புக்குப் பயன்படுத்தும் வழியும் இந்நாட்டில் எடுத்துச் சொல்லப்பட்டதே. பொறியியலாளரும் வேளாண் சிந்தனையாளருமான ரே விஜேவர்தன தம் வாழ்நாளில் இடைவிடாது வலியுறுத்தியது சரிவு நில வேளாண்முறை. சரிவுக்குக் குறுக்கே, சமவுயரக் கோட்டின் வழியே, நெருக்கமாகக் கிளிரிசிடியா நட்டு உயிர்வேலியாக்க வேண்டும். இரு வேலிகளுக்கிடையே உணவுப் பயிர் இருக்க வேண்டும். கழிக்கும் இலை அப்பயிருக்கு உரமாகவும், தடி அடுப்புக்கு விறகாகவும் போக வேண்டும். வழிந்தோடும் மண் வேலியில் தடைபட்டு நின்று, சில ஆண்டுகளில் சரிவு தானாகவே படிப்படியாகிறது. விறகு இம்முறையில் மூன்றாவது பயன். அதனை முதற்பயனாக்கியவுடன் இடைப்பயிர் மறைகிறது, நடுகை நெருங்குகிறது, இலையும் தடியோடு சேர்ந்து லொறியேறுகிறது. விறகு மின்சாரத் திட்டங்களில் நடந்த தடம்புரள்வு இதுவென்றே கருதுகிறோம்.

இலையைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டும். ஒரு தொன் உலர்ந்த கிளிரிசிடியா இலையில் முப்பது கிலோவுக்கு மேல் நைதரசன் இருக்கிறது. அறுபத்தைந்து கிலோ யூரியாவுக்கு அது ஈடு. 2021இல் இரசாயன உர இறக்குமதி ஒரே ஆணையால் நிறுத்தப்பட்டபோது, நெல்வயலும் தேயிலை மலையும் பட்ட துன்பம் யாவரும் அறிந்தது. சில மாதங்களில் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. இழந்த விளைச்சல் திரும்பவில்லை. அன்று மண்ணுக்கு ஓரளவேனும் கைகொடுத்தது வேலியோரத்து இலை. தழையை மண்ணுக்கு விட்டு முற்றிய தடியை மட்டும் எடுத்துச்செல்லும் முறையில் விறகு அறுவடை செய்யப்படுமாயின் நிலம் வளம் இழக்காது. எடைக்கு விலை என்ற பேராசையில் கிளையோடு இலையும் சேர்ந்து போகுமாயின், அந்த விறகுக்கான விலையை அடுத்த ஆண்டு உரமூட்டையாக உழவரே செலுத்துவார்.

காபன் கணக்கிலும் இதே வேறுபாடு தெரிகிறது. எட்டுப் பத்து மாதங்களில் மீண்டும் தளிர்த்து நிற்கும் கிளையை எரித்தால் வெளியேறிய காபன் அடுத்த பருவத்திலேயே மரத்துக்குத் திரும்புகிறது. காட்டை அழித்து எரிபொருட் பயிர் நட்டால் அந்தக் கடனைத் தீர்ப்பதற்குப் பல பத்தாண்டுகளும், கரிசேர்ந்த சதுப்பு நிலமாயின் நூற்றாண்டுகளும் செல்லும் என்று 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ‘சயன்ஸ்’ இதழில் காட்டினர். இந்தோனேசியாவின் எண்ணெய்ப் பனைத் தோட்டங்கள் அதற்குச் சான்றாக நிற்கின்றன. எமது நாடே 2021 ஏப்ரலில் பாமெண்ணெய் இறக்குமதியையும் புதிதாக எண்ணெய்ப் பனை நடுவதையும் தடைசெய்தது.

அயலகத்தையும் நோக்குவோம். இந்தியாவில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டாமணக்கு விதையிலிருந்து டீசல் எடுப்பதற்குப் பெருந்திட்டங்கள் தீட்டப்பட்டன. தமிழ்நாட்டுத் தரிசு நிலங்களிலும் அது ஊக்குவிக்கப்பட்டது. தண்ணீரும் உரமும் இல்லாத மண்ணில் செடி உயிரோடு நின்றது; காய்க்கவில்லை. நம்பி நட்ட சிறு உழவர்களே இழந்தனர். பின்னர் பெற்றோலில் எத்தனோல் கலக்கும் திட்டம் விரைவுபடுத்தப்பட்டது. 2023 ஜூலையில் இந்திய உணவுக் கழகத்தின் அரிசியை எத்தனோலுக்கு விற்பதை அந்நாட்டு அரசு நிறுத்த நேர்ந்தது. சோளம் அந்த இடத்தை நிரப்பியது. சோளம் ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024இல் இறக்குமதியில் இறங்கியது. நாமக்கல்லின் கோழிப்பண்ணைகள் தீவன விலையால் திணறின. வண்டியின் தாங்கிக்கும் மனிதரின் தட்டுக்கும் இடையே போட்டி வைத்தால் பணமுள்ள தாங்கியே வெல்லும். இலங்கையில் கண்டி மலைகளில் நிகழக்கூடிய போட்டி அரிசிக்கும் எத்தனோலுக்கும் இடையிலானதன்று. கொழுந்து பறிக்கும் கைகளுக்கும் ஆளில்லா விறகுக் காட்டுக்கும் இடையில் அது நிகழும்.

1992இல் பெருந்தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. விளைச்சல் குறைந்த தேயிலை மலைகளைப் பிடுங்கி மரமும் விறகும் வளர்ப்பது கம்பனிக் கணக்குக்கு இலாபமாகத் தோன்றலாம். தேயிலை மலைக்கு ஆண்டு முழுதும் ஆட்கள் வேண்டும். யூகலிப்டஸ் காட்டுக்கு நடும்போதும் வெட்டும்போதும் மட்டும் போதும். இருநூறு ஆண்டுகளாக இம்மலைகளில் வாழும் மலையகத் தமிழருக்குச் சொந்த நிலமோ உறுதிப்பத்திரமோ பெரும்பாலும் இல்லை. பெயர்ப்பதிவில் உள்ள வேலையே அவர்களது பிடிமானம். மலை விறகுக் காடானால் அந்தப் பிடிமானமும் நழுவும். பசுமை வலுசக்தியின் பெயரால் இது நடப்பதை ஏற்பதற்கில்லை.

மாற்று வழி தொலைவில் இல்லை. கண்டிய வீட்டுத் தோட்டத்தில் பலா, ஈரப்பலா, கித்துள், கராம்பு, சாதிக்காய், கோப்பி, மிளகு எல்லாம் அடுக்கடுக்காக ஒரே நிலத்தில் நிற்கின்றன. மிளகுக்கு வெளிச்சம் வேண்டுமென்பதற்காகக் கிளிரிசிடியாவின் கிளைகளை ஆண்டுதோறும் கழித்தே ஆக வேண்டும். அந்தத் தடி இன்று பல தோட்டங்களில் ஓரத்தில் கிடந்து மக்குகிறது. சில கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள தேயிலைத் தொழிற்சாலைக்கோ தாழ்நிலத்திலிருந்து விறகு வருகிறது. இவ்விரண்டையும் இணைக்கும் சேகரிப்பு நிலையம் ஒவ்வொரு பிரதேசத்திலும் வேண்டும். புதிதாக வெட்டிய தடியில் பாதி நீர். அதை மலைப்பாதையில் ஏற்றிச் செல்வது டீசலை வீணாக்குவது, அடுப்பில் இடுவது வெப்பத்தை வீணாக்குவது. ஆதலால் கூரையிட்ட களத்தில் சில வாரம் உலர்த்தி, பிளந்து, உலர்ந்த எடைக்கு விலை கொடுக்க வேண்டும். தொழிற்சாலைகள் ஈரவிறகை எரிப்பதை நிறுத்தினாலே விறகுத் தேவையில் குறிப்பிடத்தக்க பங்கு குறையும். அவ்வளவு மரம் நடப்படாமலே மிச்சமாகும். இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை, கூரை போதும்.

நிலைபேறான முறையில் விளைந்த விறகுக்கென எஸ்.எல்.எஸ். 1551 என்ற தரம் 2016 முதல் இருக்கிறது. அது விருப்பத்தின்பாற்பட்டதாக இருக்கும்வரை அலமாரியில் உறங்கும். தேயிலைச் சபை தொழிற்சாலைகளுக்கு அளிக்கும் பதிவில், விறகின் பிறப்பிடத்தைக் காட்டுவதை ஒரு நிபந்தனையாக்க வேண்டும். ஐரோப்பிய வாங்குநர் கேட்கும்வரை காத்திருப்பது நாட்டுக்கு இழுக்கு. பேராதனையிலுள்ள விவசாயத் திணைக்களமும் ஏற்றுமதி விவசாயத் திணைக்களமும் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் சில கிலோமீற்றருக்குள் இருக்கின்றன. மிளகுத் தோட்டத்தில் எத்தனை முறை, எவ்வளவு உயரத்தில் கழித்தால் மிளகும் குறையாமல் விறகும் கிடைக்கும் என்பதைச் சிறு உழவருக்கு அவரது மொழியிலேயே எடுத்துச் சொல்வது அவற்றின் கடமை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் கண்டி மாவட்டம் பட்ட துயரம் இன்னும் ஆறவில்லை. மண்சரிவில் உயிர்கள் போயின; ஊர்கள் புதைந்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாயமென வரைந்து காட்டியுள்ள சரிவுகளில், முழுமையாக வெட்டி மீண்டும் நடும் எந்த எரிபொருட் பயிருக்கும் அரசு அனுமதி அளிக்கக் கூடாது. அச்சரிவுகளுக்கு ஆழ வேரூன்றும் கலப்பு மரங்களும் அமைதியும் தேவை. விறகு மின்நிலையங்களுக்கு வழங்கப்படும் கட்டணச் சலுகை இம்மலைகளுக்குப் பொருந்தாது என்றும், தாழ்நிலத்தில் உமி, மரத்தூள் போன்ற கழிவுகளை எரிக்கும் நிலையங்களுக்கே உரியது என்றும் இலங்கை நிலைபேறான வலுசக்தி அதிகாரசபை வரையறுத்துவிட வேண்டும்.

தோட்டக் குடும்பங்களுக்காகச் சொல்ல வேண்டியது ஒன்று மீதமிருக்கிறது. மலை எல்லைகளிலும் பாதையோரங்களிலும் ஓடைக் கரைகளிலும் தேயிலை நடப்படாத கீற்றுகள் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. அவற்றில் கிளிரிசிடியாவும் பழமரமும் நட்டுப் பராமரிக்கும் உரிமையை லயத்துக் குடும்பங்களுக்கு எழுத்தில் வழங்க வேண்டும். தங்கள் அடுப்புக்கு எடுத்தது போக எஞ்சிய தடியை அதே தோட்டத்தின் தொழிற்சாலைக்கு விற்கும் உரிமையும் அப்பத்திரத்தில் இருக்க வேண்டும். விற்ற பணம், விறகைச் சுமந்துவரும் பெண்ணின் பெயரிலேயே வரவு வைக்கப்பட வேண்டும். கம்பனிகள் குத்தகைக்காரர்கள், நிலம் அரசினுடையது. குத்தகை நிபந்தனையில் இதனைச் சேர்ப்பதற்குப் பெருந்தோட்ட அமைச்சுக்குப் புதிய சட்டம் தேவையில்லை.